லேத்தைச் சுருதி வைத்துப் பாடினவன்

பேட்டையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்புசெட் ஷாஃப்ட், டிராக்டர் பின், மில்லில் ஓடுகிற உருளை என்று இந்தப் பக்கத்தில் தேய்ந்துபோகிற இரும்பு எதுவானாலும் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். இருபத்தேழு வருடமாக இதுதான் பிழைப்பு. விரலால் தடவிப் பார்த்தே ஒரு ஷாஃப்ட் தலைமுடி கனம் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தொண்டை விஷயம் வேறு. நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசுவது எப்படி என்பதே எனக்கு மறந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து சட்னியில் உப்பு குறைவு என்று நான் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் தன் தட்டில் இருக்கிற சட்னியைத் தொட்டு நக்கிப் பார்த்துக்கொள்வாராம்.

இப்படிப்பட்டவன் நாற்பத்தொன்பதாவது வயதில் பாட்டு வகுப்பில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவி.

அவள் முக்கூடல்காரி. யாரிடமும் பாட்டு படித்தவள் இல்லை. ரேடியோவில் ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாம் நாள் அது அவளுடைய பாட்டாகிவிடும். பாடுகிறோம் என்று நினைத்துப் பாடுகிறவள் அல்ல. மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அன்றைக்கு என்ன சாப்பாடு என்று எனக்குத் தெரிந்துவிடும். வேகமான பாட்டு கேட்டால் தோசை. இழுத்து இழுத்துப் பாடினால் புளிக்குழம்பு, அது வற்றுகிறவரை பாட்டும் நடக்கும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நல்ல குரல் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் தண்ணீர் வருகிறது என்று யாராவது பாராட்டிக்கொண்டிருப்பார்களா?

நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லாத கட்டிதான் என்று ரிப்போர்ட்டும் வந்தது. குரல் மட்டும் கம்மிப்போனது. சிலருக்கு இப்படி ஆகும், பையப் பையத் திரும்பிவரும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது, ஆனால் பேசவும் பாடவும் பயப்படக் கூடாது, பழகப் பழகத்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதத்தில் பேச்சு வந்துவிட்டது. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே ஒரு பாட்டை எடுத்தாள். மேலே போகிற இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. அப்படியே நிறுத்தி, சுளகைக் கீழே வைத்துவிட்டாள். அதோடு சரி. பாட்டும் போயிற்று. டிவியில் பாட்டு வந்தால்கூடச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குக்கர் விசில் அடித்தால்தான் அடுக்களையில் ஆள் இருப்பது தெரியும் என்கிற நிலைமை. எனக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் நான் என்ன செய்வேன், சத்தம் போடுவேன். டாக்டர்தான் பாடச் சொல்லியிருக்கிறாரே, பாடினால்தானே வரும், மூடி வைத்தால் துருதானே பிடிக்கும் என்று தினமும் ஒரு பாட்டம். ஒருநாள் காலையில், என் தட்டில் மூன்றாவது இட்லியை வைத்துவிட்டு, அந்தக் கம்மின குரலில் அவள் சொன்னாள்:

"எனக்கு அது சுளுவா வந்துக்கிட்டு இருந்தது அத்தான். இப்பம் தட்டுத் தடுமாறிப் பாட வெக்கமா இருக்கு. நீங்க ஒருநாளாவது வாயத் தொறந்து பாடியிருந்தா இது தெரியும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாடினால் போச்சு. ஒரு மாதத்தில் ஒரு பாட்டைப் படித்து இவள் எதிரே நின்று பாடிக் காட்டுகிறேன், என்னுடைய இந்தத் தகரத் தொண்டையே பாடும்போது உனக்கு என்ன வெட்கம் என்று கேட்கிறேன் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். இட்லியையும் விடவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் வகுப்பு. டீச்சருக்கு வயது இருபத்தேழு இருக்கும், என் மகனைவிட ஒன்றோ இரண்டோ கூடுதல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், "பேத்திக்குங்களா சார்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். நான் எனக்குத் தெரிந்த மெதுவான குரலில்தான் சொன்னேன். பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஒன்பது பிள்ளைகள், எல்லாருக்கும் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். பத்தாவதாக நான்.

முதல் நாளே கேட்டுவிட்டேன், எவ்வளவு நாளாகும் என்று.

"பாடுததுக்கா, கஷ்டம் தெரியாம பாடுததுக்கா?" என்றார் டீச்சர்.

இரண்டாவதுதான் வேண்டும் என்றேன். அதற்குத் தேதி சொல்ல முடியாது, முதலில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு சுருதிப்பெட்டியைப் போட்டார். அத்தனை வருடமாகப் பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் 'நாளைக்குத் தாரேன்' என்று சொல்லி அனுப்பினவன் நான். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், கொக்கிரகுளம் பாலம்வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புதனும் சனியும் சாயங்காலம் கிளம்பிவிடுவேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நடந்தும் வயிறு மட்டும் இம்மியும் குறையவில்லையே என்று அவ்வப்போது கவலைப்படுவாள்.

ஒரு மாதம் போயிற்று. மூன்று மாதம் போயிற்று. நான் சரளி வரிசையின் வாசற்படியிலேயே நின்றேன். ஏழு சுரத்தை மேலே ஏற்றிக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரும்பில் தலைமுடி கனத்தைப் பிடிக்கிற எனக்கு இதில் ஒரு விரல் கனம்கூடத் தட்டுப்படவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பெண்குட்டி, நான் ஒவ்வொரு தடவை தப்பும்போதும் திரும்பி என்னை இரக்கத்தோடு பார்க்கும். டீச்சர் திட்டினால் தாங்கலாம், அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் போய்ச் சாதகம் செய்யுங்கள் சார் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் எப்படிச் செய்வது? ஆகவே பட்டறையில் செய்தேன்.

அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். லேத்தை ஓடவிட்டால் ஒரே சீராக ஒரு ரீங்காரம் வரும். கூடாது, குறையாது. சுருதிப்பெட்டியும் அதைத்தானே செய்கிறது, காசு கொடுத்து இன்னொன்று எதற்கு என்று நினைத்தேன். கடைய வேண்டிய இரும்பை மாட்டி, மெஷினைப் போட்டு, அதோடு சேர்த்து நானும் 'ஸ' பிடிப்பேன். அந்தச் சத்தத்தில் எனக்கு என் குரல் பிரமாதமாக இருந்தது. மேடையே ஏறலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது நினைப்பு.

ஒருநாள் மதியம் நான் உச்சத்தில் நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. லேத் நின்றது, பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் நின்றது, தெருவே அமைதியாகிவிட்டது. நான் மட்டும் நிற்கவில்லை. இரண்டு நொடி இருக்கும். அந்த இரண்டு நொடியில்தான் என் குரலை நான் முதல்முதலாகக் கேட்டேன்.

பக்கத்து வெல்டிங் பட்டறை பாய் கையில் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். மெஷினில் என் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார் பாவம். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பத்து விரலும் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். கொண்டுவந்த தண்ணீரை அவரே குடித்தார்.

"பாடுததுன்னு ஒரு வார்த்த முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா வே? நான் ஆஸ்பத்திரி வரைக்கும் யோசிச்சுட்டேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஆரம்பித்தாலே அவர் பட்டறையிலிருந்து இரண்டு தட்டு கேட்கும், இரும்பில் சுத்தியலால். தாளம் என்று அவருக்கு நினைப்பு.

இதற்கிடையில் டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. அவர் எனக்கு ஒரு கட்டையில், என் தொண்டைக்குத் தோதாகக் கீழேயே, சுருதி வைப்பார். நான் அதில்தான் ஆரம்பிப்பேன், ஆனால் நாலு வரி போவதற்குள் மேலே ஏறி வேறு எங்கேயோ போய் நின்றுகொள்வேன். கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், ஆனாலும் அங்கேதான் போவேன். ஒரு தடவை போனால் தப்பு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. லேத்தைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய், ஐந்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் அப்பாவின் ஸ்கூட்டரில் பேட்டைக்கே வந்துவிட்டார். சுருதி என்னவென்று காட்டுகிற ஆப்பைச் செல்போனில் திறந்து லேத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மூன்று கட்டை. வகுப்பில் நான் ஏறிப் போய் நிற்கிற அதே இடம், பொட்டு அளவு வித்தியாசம்கூட இல்லை. ஆறு மாதமாக என் தொண்டைக்கு மேலே கிடக்கிற சுருதியில் நான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். "இது உங்க குரல் இல்ல சார். மெஷினோட குரல்" என்றார். பிறகு லேத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்து, பாவம் அது நன்றாகத்தான் பாடுகிறது என்றும் சொன்னார்.

வேறு யாராவதாக இருந்தால் அன்றோடு மெஷினை விட்டுவிட்டு ஒழுங்காகச் சுருதிப்பெட்டி வாங்கியிருப்பார்கள். நான் கியர் லீவரைப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தால் ரீங்காரம் இறங்கும்தானே? இறங்கியது. ஒவ்வொரு கியராக மாற்றி, கிட்டத்தட்ட ஒரு கட்டைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் சொகுசாகப் பாடினேன். அந்த ஒரு மணி நேரமும் சேரன்மகாதேவிக்காரர் ஒருவரின் பம்புசெட் ஷாஃப்ட் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடவேண்டிய வேகம் வேறு. சாயங்காலம் அவர் வந்து ஷாஃப்டை விரலால் தடவினார். தடவிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, உழுது போட்ட மாதிரில்லா இருக்கு. ஒடம்புக்கு முடியலையா?"

இத்தனை வருடத்தில் என் கையில் பட்ட இரும்பைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. புதுக் கம்பி எடுத்து, சரியான வேகத்தில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மறுநாள் வேறு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன்.

டீச்சர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இனிமேல் ஒரு மாதம் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். உதட்டை மூடி, பல்லைக் கடிக்காமல், 'ம்' மட்டும். சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டால் தப்பு. கத்தாமல் ஒரு சத்தம் போடலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. பட்டறையைத் திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே போய், மெஷின் எதையும் போடாமல், செல்போனில் சுருதியை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து முனகுவேன். முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை, தூக்கம்தான் வந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் மூக்குக்குப் பின்னால் எங்கேயோ ஒரு சின்ன அதிர்வு வந்து சுருதியோடு ஒட்டிக்கொண்டது. நான் எதையும் பிடிக்கவில்லை, தள்ளவில்லை, அதுவாக நின்றது. பயந்துபோய் நானே நிறுத்திவிட்டேன். திரும்ப அது வர ஒன்பது நாளாயிற்று.

ஒரு மாதம் என்று போட்ட கணக்கு ஒரு வருடமாகி, ஒன்றரை ஆயிற்று. என்னோடு சேர்ந்த பிள்ளைகள் கீதத்தைத் தாண்டி வர்ணத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஒருநாள் கோபத்தில், போதும் டீச்சர், இரும்புக்கு என்னால் தேதி சொல்ல முடியும், இதற்கு முடியவில்லை, நான் வரவில்லை என்று கத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மூன்று வாரம் போகவில்லை. அந்த மூன்று வாரமும் வேறு வழியில்லாமல் நிஜமாகவே கொக்கிரகுளம் பாலம்வரை நடந்தேன். நடந்துகொண்டே முனகிக்கொண்டிருக்கிறேன் என்பதை இரண்டாவது வாரம்தான் கவனித்தேன். திரும்பப் போனபோது டீச்சர் பிள்ளைகளை நகர்ந்து பாயில் இடம் விடச் சொன்னார். இரண்டு வருடம் ஆனபிறகும் மனைவி எதிரே நின்று பாடுகிற தைரியம் எனக்கு வரவில்லை. அவள் சொன்ன வெட்கம் என்னவென்று அதற்குள் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. சத்தம் போட்டு அவளைப் பாடச் சொன்ன காலைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பைப் ஒழுகியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பழைய நட்டு, துருப் பிடித்தது, மசியவில்லை. எண்ணெய் விட்டுவிட்டு, பையப் பைய அசைத்துக்கொண்டே இருந்தேன். கீழே அடுக்களை ஜன்னலிலிருந்து புளிக்குழம்பு வாசம் வந்தது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது.

திடீரென்று அந்த ஜன்னலிலிருந்து ஒரு குரல் ஒரு வரியைப் பாடியது. கம்மின குரல், நடுவில் பிசிறடித்தது. ஆனால் வரி சரியாக, நெளிவு சுளிவோடு வந்து விழுந்தது. எதற்காக இந்த வரியைப் பாடுகிறாள் என்று நினைத்த பிறகுதான் விளங்கியது. நான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். வாயைத் திறந்து, முழுப் பாட்டாக, முன்பெல்லாம் புளிக்குழம்புக்கு அவள் பாடுகிற அதே பாட்டை. அந்த வரியில் ஒரு திருப்பத்தை நான் கெடுத்துவிட்டேன். தப்பாக ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூடப் பயமாக இருந்தது. மறுபடியும் அந்த வரியைப் பாடினேன். மறுபடியும் தப்பு. மறுபடியும் அவள் கீழேயிருந்து திருத்தினாள், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவைக்கு அவள் கையில் அகப்பையோடு மாடிக்கே வந்துவிட்டாள்.

"அந்த எடத்துல பைய எறங்கணும் அத்தான். தொபுக்குன்னு குதிக்கப்படாது." சொல்லிவிட்டு எதிரே நின்று பாடிக் காட்டினாள். பாதியில்தான் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

வேண்டுமென்றே தப்பாகப் பாடி என்னைப் பாடவைத்துவிட்டீர்கள் என்று அவள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கில்லை. அந்தத் திருப்பம் எனக்கு நிஜமாகவே வராது. இப்போதும் வராது.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடைப்பயிற்சி பொய் என்று தெரிந்ததும் வயிறு குறையாத ரகசியம் விளங்கிவிட்டது என்றாள். அடுத்த புதன்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். டீச்சர் அவளுக்குப் பாயில் இடம் காட்டி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, எனக்குக் கொடுத்த அதே 'ம்'மில் ஆரம்பித்தார். மூன்றே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவள் குரல் பழைய குரல் இல்லை. கீழே இறங்கிவிட்டது, கனத்திருக்கிறது. வீட்டில் பாடும்போது, பாட்டில் மேலே போகிற இடம் வந்தால் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த இடத்தை நான் எடுத்துப் பாட வேண்டும். இறங்கினதும் அவள் வாங்கிக்கொள்வாள். ஒரு பாட்டை முடிக்க எங்களுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. இத்தனை மாதம் இப்படித்தான் ஓடியது. எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை, நான் இல்லாமல் இந்த வீட்டில் பாட்டு இல்லை என்று.

போன வாரம் ஒரு காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன். மேலே போகிற இடம் வந்தது. வழக்கம்போல மூச்சை இழுத்துத் தயாரானேன். அவள் திரும்பவில்லை. கல்லைப் பார்த்தபடி தானே ஏறினாள். குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. உடைந்த குரலோடேயே மேலே போய், அங்கே கொஞ்சம் நின்று, பைய இறங்கி, அடுத்த வரிக்குப் போய்விட்டாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இழுத்த மூச்சு என் நெஞ்சிலேயே நின்றது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, சத்தமில்லாமல் அதை வெளியே விட்டேன்.